சதுப்புக்கு 30 லட்சம்!

கொழும்பு போய்விட்டு வந்தவர்களிடம் ‘ஊர் எப்படி?’ என்று கேட்டுப் பாருங்கள். பத்தில் ஒன்பது பேர் ‘என்னா சுத்தம் சார்!’ என்பார்கள். பத்தாவது ஆள் கேசினோவுக்குப் போய்விட்டு வந்தவர். அவர் எதுவும் சொல்ல மாட்டார்.

நானும் அந்த ஒன்பதில் ஒருத்தன்தான். நண்பன் ஒருவனின் கல்யாணத்துக்காக வெள்ளவத்தையில் ஐந்து நாள் தங்கினேன். முதல் நாள் முழுக்க வாயைப் பிளந்துகொண்டு திரிந்தேன். பிளாட்பாரத்தில் நடக்க முடிகிறது. சுவரைப் பார்த்தால் சுவர் தெரிகிறது. நம் ஊரில் சுவரைப் பார்த்தால் தலைவரும் மூலம் பவுத்திரம் டாக்டரும்தானே தெரிவார்கள்! குளத்தைச் சுற்றி நடைபாதை, நடைபாதையில் பெஞ்சு, பெஞ்சில் காதலர்கள், காதலர்களுக்குக் குடை. எல்லாம் முறைப்படி இருந்தது.

இவ்வளவையும் செய்தது யார் என்று கேட்டேன். நம் ஊர் என்றால் கார்ப்பரேஷன் என்போம். (செய்திருந்தால்!) அங்கே கிடைத்த பதில், பாதுகாப்பு அமைச்சகம்.

ஜோக் இல்லை. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. 2010-ல் நகர அபிவிருத்தி அதிகார சபையைத் தூக்கிப் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழே வைத்தார்கள். சதுப்பு நிலங்களை மேடாக்குகிற கூட்டுத்தாபனத்தையும் சேர்த்தே வைத்தார்கள். அமைச்சகத்தின் பெயரே ‘பாதுகாப்பு மற்றும் நகர அபிவிருத்தி’ என்று மாறியது. செயலாளர் கோத்தபய ராஜபக்ச. ஜனாதிபதி அவருடைய அண்ணன் மகிந்த. போர் நடத்திய அதே மேஜைக்குப் பூங்கா பெஞ்சு ஃபைலும் வந்து சேர்ந்தது. 2015-ல் ஆட்சி மாறும்வரை இந்த ஏற்பாடுதான்.

பி.காம். ஆடிட்டிங் பேப்பரில் ‘இன்டர்னல் செக்’ என்று ஒரு பாடம் வரும். கேஷ் வாங்குகிறவனே லெட்ஜரும் எழுதக்கூடாது. ஒருத்தன் செய்ததை இன்னொருத்தன் சரிபார்க்க வேண்டும். நம் ஆபீஸில் 40 ரூபாய் ஆட்டோ வவுச்சருக்கு மூன்று கையெழுத்து கேட்டு உயிரை எடுக்கிறார்களே, அது இந்தப் பாடத்தின் புண்ணியம்தான். போர் செய்கிறவரே வீட்டையும் இடிப்பார், நிலத்தையும் மேடாக்குவார், அதிலே பூச்செடியும் வைப்பார் என்றால் வவுச்சரில் யார் கையெழுத்துப் போடுவது?

இந்தக் கேள்வி மண்டைக்குள் புகுந்துவிட்டதால், கல்யாண வீட்டில் மாப்பிள்ளைத் தோழனாகப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்த நேரம் போக மீதி நேரமெல்லாம் ஊர் சுற்றினேன். துணைக்கு ஒரு ஆட்டோக்காரர் வாய்த்தார். ஐம்பதைத் தாண்டிய கொழும்பு முஸ்லிம். அந்த ஊர் முறைப்படி நான் அவரை ‘நானா’ என்றேன். அண்ணன் என்று அர்த்தம். அவர் என்னைத் ‘தம்பி’ என்றார். வாடகை விஷயத்தில் மட்டும் இந்த உறவு செல்லாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

முதலில் காலிமுகத்திடல். நம் மெரினா மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். மணலுக்குப் பதில் புல்தரை, சுண்டலுக்குப் பதில் இறால் வடை. வடையைக் கடித்துக்கொண்டே எதிரே பார்த்தால் ஷங்ரி-லா ஹோட்டல் வானத்தை முட்டுகிறது.

“அது என்ன இடம் தெரியுமா தம்பி? அதுதான் ஆமிட ஹெட் குவார்ட்டர்ஸ்.”

“அது ஹோட்டல்ல நானா?”

“இப்ப ஹோட்டல். மொதல்ல ஆமி.”

நிஜம்தான். போர் முடிந்த கையோடு ராணுவத் தலைமையகம் இருந்த கடற்கரை நிலத்தை ஹோட்டல்காரர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். 2017-ல் ஹோட்டல் திறந்தது. ராணுவம் நகருக்கு வெளியே அக்குரேகொட என்ற இடத்துக்குப் போய்விட்டது. நல்ல விஷயம்தானே, ஊருக்கு நடுவே ராணுவம் எதற்கு என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அக்குரேகொட எங்கே இருக்கிறது என்று பார்த்த பிறகு கொஞ்சம் யோசித்தேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

திடலின் வடக்கே கடலுக்குள் ஒரு புது ஊர். போர்ட் சிட்டி. 269 ஹெக்டேர். கடலின் அடியிலிருந்து மணலை உறிஞ்சி, உள்நாட்டுக் குவாரிகளில் பாறையை உடைத்துக் கொண்டுவந்து கொட்டி எழுப்பிய நிலம். சீனக் கம்பெனியின் முதலீடு. 2014 செப்டம்பரில் சீன அதிபர் ஷி ஜின்பிங்கே வந்து தொடங்கிவைத்தார். 2019 ஜனவரியில் நிலம் ரெடி. மணல் எடுத்த கடலில் மீன் போய்விட்டது என்று நீர்கொழும்பு மீனவர்கள் 2016-ல் உண்ணாவிரதம் இருந்தார்கள். நிலம் வந்தவன் கணக்கில் வரவு எழுதியாயிற்று. மீன் போனவன் கணக்கில் பற்று எழுத ஒரு நோட்டே போடவில்லை.

அங்கிருந்து நானாவின் பழைய ஏரியாவுக்குப் போனோம். தமிழில் கொம்பனித்தெரு. இங்கிலீஷில் வெகுகாலமாக ‘அடிமைத் தீவு’ என்றே பெயர் இருந்தது. கொழும்பின் நட்டநடுவில் தமிழர், முஸ்லிம், மலாய்க்காரர், சிங்களவர் எல்லாரும் ஒருவர் முதுகில் ஒருவர் சாய்ந்துகொண்டு வாழ்ந்த சந்துகள். 2010 மே மாதம் இங்கே மியூஸ் ஸ்ட்ரீட்டில் வீடுகளை இடித்தார்கள். பக்கத்தில் பாதுகாப்புத் துறையின் பள்ளிக்கூடத்துக்கு இடம் வேண்டுமாம். போலீஸும் ராணுவமும் சுற்றி நிற்க, புல்டோசர் தன் வேலையைப் பார்த்தது. போர் முடிந்து ஒரு வருஷம்கூட முழுசாக ஆகியிருக்கவில்லை.

“எங்கட ஊடு அந்தத் தெரு இல்ல தம்பி. ரெண்டு சந்து தள்ளி. எங்களுக்கு லேட்டாத்தான் வந்திச்சு. ஆனா மியூஸ் ஸ்ட்ரீட்ட பாத்த பொறவு யாரு வாயத் தொறப்பா? கையெழுத்துப் போடுண்டாங்க, போட்டோம்.”

இப்போது நானாவுக்குத் தெமட்டகொட பக்கம் அடுக்குமாடியில் 400 சதுர அடி ஃபிளாட். சேரிகள், தோட்டங்கள் என்று கணக்கெடுத்து 65 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களை இப்படி உயரே ஏற்றுவதுதான் திட்டம். காலியாகும் நிலத்தில் ஹோட்டல், மால், ஆபீஸ். எங்களைத் தன் ஃபிளாட்டுக்கு அழைத்துப்போய் நானாவின் மனைவி பிளேன் டீ கொடுத்தார். பழைய வீட்டில் மூன்று குடும்பமாக இருந்தவர்கள் இப்போது ஒரே ஹாலில் பாய் போட்டுப் படுக்கிறார்கள். லிஃப்ட் வேலை செய்கிற நாட்களை நானா காலண்டரில் குறித்து வைக்கலாம், அவ்வளவு குறைவு. ஆட்டோவைக் கீழே விட்டுவிட்டு ஒன்பதாவது மாடியில் நிம்மதியாகத் தூங்க முடியவில்லை என்பது அவருடைய பெரிய குறை. “பழைய ஊட்டுல ஜன்னல்ல கைய நீட்டினா ஆட்டோவத் தொடலாம்!”

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். சேரியில் வெள்ளமும் சாக்கடையும் புகுந்த வீடுகளில் இருந்தவர்கள் சிலருக்கு இந்த ஃபிளாட் நிஜமாகவே முன்னேற்றம். பக்கத்து வீட்டு அம்மாள் ஒருவர், தனி கக்கூஸ் கிடைத்ததற்காகவே கோத்தபயவுக்கு ஓட்டுப் போட்டேன் என்றார். அதை நான் குறை சொல்லத் தயாரில்லை. வரிசையில் பக்கெட்டுடன் நின்று பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

அடுத்து சுதந்திர சதுக்கம். அங்கே ஒரு வெள்ளைக்கார காலத்து அழகான கட்டடத்தைப் புதுப்பித்து, ஷாப்பிங் ஆர்கேட் ஆக்கி 2014-ல் திறந்தார்கள். ஐஸ்க்ரீம், காபி, வைர நகை எல்லாம் கிடைக்கிறது. அந்த வளாகம் முதலில் 19-ம் நூற்றாண்டு மனநல மருத்துவமனை. பிற்பாடு அங்கே இருந்த அரசு ஆபீஸ்களில் ஒன்று என்ன தெரியுமா? ஆடிட்டர் ஜெனரலின் ஆபீஸ்! நாட்டின் கணக்கைச் சரிபார்க்கிறவர் உட்கார்ந்த இடத்தில் நான் ஸ்ட்ராபெர்ரி ஐஸ்க்ரீம் சாப்பிட்டேன். காமர்ஸ் படித்தவனுக்கு இதைவிட ஒரு புண்ணியத் தலம் கிடைக்குமா?

மூன்றாம் நாள் நகருக்கு வெளியே கிழக்கே போனோம். ‘வெளியே’ என்று சொல்வது ஒரு வழக்கத்துக்காகத்தான். கொழும்பு மாநகராட்சியின் எல்லை வெறும் 37 சதுர கிலோமீட்டர். ஆனால், ஊர் அதற்கப்புறமும் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது. ராஜகிரிய, பத்தரமுல்ல, மாலபே, கடுவெல என்று போர்டுகள்தான் மாறுகின்றன, வீடுகள் மாறவில்லை. 2012 சென்சஸ்படி மேல் மாகாணத்தில் மட்டும் 58 லட்சம் பேர். நாட்டின் நிலப்பரப்பில் 6 சதவீதத்துக்கும் குறைவான இடத்தில், மக்கள் தொகையில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல். வடக்கிலிருந்து போருக்குத் தப்பி வந்தவர்கள், தெற்கிலிருந்து வேலை தேடி வந்தவர்கள், எல்லாரும் இங்கேதான். 2011-ல் தெற்கு எக்ஸ்பிரஸ்வே, 2013-ல் விமான நிலைய எக்ஸ்பிரஸ்வே, 2014-ல் வெளிவட்டச் சாலை. சாலை வந்தால் மனை வரும். மனை வந்தால் லாரியில் செம்மண் வரும். வயலில் கொட்டுவார்கள். ஒரு மழைக்காலம் ஆறப்போட்டு, அடுத்த வருஷம் வீடு.

செம்மண் விழுவது வெறும் வயலில் என்றால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். கொழும்பே ஒரு கிண்ணம். வடக்கே களனி ஆறு. பெருமழையில் ஆறு நிரம்பி ஓடும்போது ஊர்த் தண்ணீரை அதில் திறந்துவிட முடியாது. விட்டால் ஆறு உள்ளே வரும். ஆறு இறங்கும்வரை ஊர்த் தண்ணீர் எங்கேயாவது காத்திருக்க வேண்டும் இல்லையா? கொலன்னாவ, கோட்டே, தலங்கம பக்கத்துச் சதுப்புகள்தான் அதற்கு வெயிட்டிங் ரூம். மீன்பிடிப் பூனை என்று ஒரு காட்டுப் பூனை இன்றும் அங்கே, அபார்ட்மென்ட்களுக்கு நடுவே, இரவில் தண்ணீரில் கை விட்டு மீன் பிடிக்கிறது. இந்தச் சதுப்புகளுக்காகவே 2018-ல் கொழும்புக்கு ‘ராம்சர் ஈரநில நகரம்’ என்ற சர்வதேச அங்கீகாரம் கிடைத்தது. உலகத்தில் முதல் 18 ஊர்களில் ஒன்று. சர்டிபிகேட் ஒரு பக்கம், செம்மண் லாரி இன்னொரு பக்கம்.

வெயிட்டிங் ரூமில் கட்டில் போட்டுக் குடியேறினால் என்ன ஆகும் என்பது வேளச்சேரிக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இலங்கையில் அது முதலில் புரிய வேண்டியவர்களுக்கே புரிந்தது. நாடாளுமன்றம் இருப்பது தியவன்னா ஓயா ஏரிக்கு நடுவே ஒரு தீவில். ஜெஃப்ரி பாவா என்ற பெரிய ஆர்க்கிடெக்ட் கட்டியது, 1982-ல் திறந்தது. 2010 நவம்பரில் ஒரே ராத்திரி மழை. நாடாளுமன்றத்துக்குள் வெள்ளம்! எம்.பி.க்களை ராணுவ வண்டிகளில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். நகர அபிவிருத்தி ராணுவத்திடம் இருந்தால் இது ஒரு வசதி.

ஏரியின் இக்கரையில் ‘வாட்டர்ஸ் எட்ஜ்’ என்று ஒரு ஹோட்டல். வெள்ளை உடுப்பில் யாரோ கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த இடத்தின் கதையைக் கேட்டபோதுதான் நான் ஆட்டோவிலிருந்து இறங்கி நின்று பார்த்தேன். வெள்ள நீர் தேங்குவதற்கென்று பொதுக் காரியத்துக்காக அரசு எடுத்துக்கொண்ட நிலம் இது. பிறகு கைமாறி, தனியார் கோல்ஃப் மைதானமாகிவிட்டது. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போனது. 2008 அக்டோபரில் தீர்ப்பு. நிலத்தைத் திரும்ப எடு. மக்கள் நம்பிக் கொடுத்த அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியதற்காக முன்னாள் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க 30 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும்!

ஒரு சதுப்பு நிலத்துக்காக ஒரு ஜனாதிபதி சொந்தப் பணத்திலிருந்து 30 லட்சம். நம் ஊரில் ஏரியைத் தின்றவர்களில் ஒரு கவுன்சிலராவது இப்படிக் கட்டியிருக்கிறாரா?

அங்கிருந்து சிறிது தூரத்தில்தான் நான் சொன்ன அக்குரேகொட. ராணுவத் தலைமையகம் 2019-ல் குடிவந்த பிரமாண்டமான வளாகம். பக்கத்தில் தலங்கமவின் வயல்களும் குளங்களும். அதைப் பாதுகாக்கப்பட்ட சுற்றுச்சூழல் பகுதி என்று 2007-லேயே அறிவித்துவிட்டார்கள். பிறகு அதன் மேலேயே உயரச் சாலை கொண்டுபோகத் திட்டம் போட்டார்கள். 2020-ல் அக்கம்பக்கத்துக்காரர்கள் போர்டு பிடித்து நின்றார்கள். ஆமி வந்தால் ஆபீஸ் வரும், ஆபீஸ் வந்தால் ரோடு வரும், ரோடு வந்தால்... நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். வளாகத்தை ஒரு போட்டோ எடுக்கலாமா என்றேன். நானா பதில் சொல்லாமல் ஆக்ஸிலரேட்டரை முறுக்கினார்.

காணி மீட்டல் கூட்டுத்தாபனம். சதுப்பை மேடாக்குகிற அந்த நிறுவனத்துக்கு அப்போது இதுதான் பெயர். கொழும்பில் ‘காணி மீட்டல்’ என்றால் தண்ணீரிடமிருந்து நிலத்தைப் பிடுங்குவது. வடக்கில் கேப்பாப்புலவு போன்ற ஊர்களில் ‘காணி மீட்பு’ என்றால் ராணுவத்திடமிருந்து தங்கள் வீட்டு நிலத்தைத் திரும்பக் கேட்டு ஜனங்கள் ரோட்டில் உட்கார்ந்திருப்பது. இரண்டு காணிக்கும் ஐந்து வருஷம் ஒரே அமைச்சகம்தான் எஜமான்.

திரும்புகிற வழியில் மீதொட்டமுல்ல. இப்போது புல் முளைத்த மேடு. ஒரு காலத்தில் வயலும் சதுப்பும். வேறொரு குப்பைமேட்டைக் கோர்ட் மூடச் சொன்னதும் 2009-ல் தற்காலிகம் என்று இங்கே கொட்ட ஆரம்பித்தார்கள். அரசாங்கத்தில் தற்காலிகம் என்றால் எவ்வளவு காலம் என்பது டெம்பரரி கிளார்க்காக இருந்த எல்லாருக்கும் தெரியும். சுத்தமான கொழும்பின் குப்பை முழுக்க இங்கே ஏறியது. சுற்றி இருந்த ஜனங்கள் எத்தனையோ தடவை மறியல் செய்தார்கள். 2017 ஏப்ரல் 14, சிங்கள - தமிழ் புத்தாண்டு தினம். பிற்பகல், வீட்டில் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் மலை சரிந்தது. 32 பேர் செத்தார்கள். அதற்கப்புறம் குப்பை வேறு சதுப்புகளின் ஓரத்துக்குப் போனது. பிறகு ரயிலேறி தூரத்துப் புத்தளம் மாவட்டத்துக்கு.

“நாங்க முன்ன கொம்பனித்தெருவுல போட்ட குப்பையும் இதுலதான் இருக்கும்” என்றார் நானா. களனி பொங்கினால் இந்த வெல்லம்பிட்டி, கொலன்னாவ பக்கம்தான் முதலில் மூழ்கும். 2016 மே மாதம் மூழ்கியது. 2025 நவம்பர் கடைசியில் தித்வா புயலிலும் மூழ்கியது. நிலத்தை மேடாக்கியவர்கள் மேட்டில் இருக்கிறார்கள். அவர்கள் மேட்டிலிருந்து விரட்டிய தண்ணீர் இங்கே இருக்கிறது.

அன்று ராத்திரி பேப்பரும் பேனாவும் எடுத்து ஒரு கணக்குப் போட்டேன். தொழில் புத்தி!

சதுப்பு நிலத்துக்கு ஒரு ஜனாதிபதி கட்டியது 30 லட்சம். அடுத்து, 2019 ஈஸ்டர் தினத்தில் சர்ச்சுகளிலும் ஹோட்டல்களிலும் குண்டு வெடித்து 250-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நான் வடை சாப்பிட்டபடி பார்த்த ஷங்ரி-லாவும் அதில் ஒன்று. முன்கூட்டித் தகவல் வந்தும் தடுக்கவில்லை என்று, அப்போது ஜனாதிபதியாக இருந்த மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் நஷ்டஈடு கட்ட வேண்டும் என்று 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. அவரும் நம்மைப் போல தவணை முறையில் கட்டினார்! அதே வருஷம் நவம்பரில் இன்னொரு தீர்ப்பு. 2022-ல் நாடு திவாலானதற்கு மகிந்த, கோத்தபய, பசில் ராஜபக்ச சகோதரர்களும் சில உயர் அதிகாரிகளும் பொறுப்பு என்று.

ஆக, இலங்கையில் பெரிய மனிதர்களைக் கணக்குக் கேட்க முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. சதுப்புக்குக் கேட்டார்கள். குண்டுக்குக் கேட்டார்கள். பெட்ரோல் க்யூவுக்குக்கூடக் கேட்டார்கள்.

போர்?

அந்தப் பக்கம் காலி. கடைசிக் கட்டத்தில் 40 ஆயிரம் பொதுமக்கள் வரை இறந்திருக்கக்கூடும் என்பதை மறுக்க முடியாது என்று ஐ.நா. நிபுணர் குழு 2011-ல் எழுதியது. பொதுமக்களுக்குப் பூஜ்ய இழப்பு என்பதே தன் கொள்கை என்று அரசு சொல்லிவந்தது. குண்டு போட்டதற்கு அரசையும், ஜனங்களைக் கேடயமாகப் பிடித்துவைத்ததற்கும் தப்பியோடியவர்களைச் சுட்டதற்கும் பிள்ளைகளைப் படையில் சேர்த்ததற்கும் புலிகளையும் அந்த அறிக்கை சாடியது. புலித் தலைமை செத்துப்போயிற்று, கேட்க ஆளில்லை. புலியாக இருந்து பிரிந்துபோன கருணா, 2009-ல் அமைச்சரே ஆகிவிட்டார்! அரசு 2010-ல் ஒரு கமிஷன் போட்டது. 2013-ல் இன்னொன்று. 2015-ல் ஜெனீவாவில் விசாரணைக்குச் சம்மதம் என்று கையெழுத்து. 2020-ல் கையெழுத்து வாபஸ். கனடா 2023-ல் ராஜபக்ச சகோதரர்கள் இரண்டு பேர் மீது தடை போட்டது. பிரிட்டன் 2025-ல் மூன்று முன்னாள் தளபதிகள் மீதும் கருணா மீதும் போட்டது. எல்லாம் வெளியூர்க் கையெழுத்து. உள்ளூரில் தண்டனை அடைந்த சிப்பாய்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒருவர், 2000-ல் மிருசுவிலில் குழந்தைகள் உட்பட எட்டுத் தமிழர்களைக் கொன்ற வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற சார்ஜென்ட். அவரை 2020 மார்ச்சில் மன்னித்து வெளியே விட்டார் கோத்தபய. எழுதிய ஒரே ஒரு என்ட்ரியையும் அடித்து ரிவர்ஸ் போட்டாயிற்று.

இதில் இன்னொரு விசித்திரம். 1990-ல் காணாமல்போன சிங்கள இளைஞர்களின் விவரங்களைச் சுமந்துகொண்டு ஜெனீவாவுக்குக் கிளம்பினார் ஒரு எதிர்க்கட்சி எம்.பி. விமான நிலையத்தில் போலீஸ் மடக்கிக் காகிதங்களைப் பிடுங்கிக்கொண்டது. அந்த எம்.பி.யின் பெயர் மகிந்த ராஜபக்ச.

கோத்தபய 2019-ல் 52 சதவீத ஓட்டு வாங்கி ஜனாதிபதி ஆனார். 2022 ஏப்ரலில் இளைஞர்கள் காலிமுகத்திடலில் கூடாரம் போட்டு ‘கோட்டா கோ ஹோம்’ என்றார்கள். ஜூலையில் அவர் மாலத்தீவு வழியாக சிங்கப்பூர் போய் அங்கிருந்து ராஜினாமா அனுப்பினார். அரிசிக்கும் கேஸுக்கும் கேட்ட கணக்கு அது. ஆனால், அந்தக் கூடாரத்தில் மே 18 அன்று ஒரு காரியம் நடந்தது. முள்ளிவாய்க்காலில் கடைசி நாட்களில் ஜனங்கள் குடித்த உப்புக் கஞ்சியைக் காய்ச்சிச் சிங்கள இளைஞர்களும் சேர்ந்து குடித்தார்கள். நினைவு நாளைத் தலைநகரில் நடுத் திடலில் அப்படி அனுசரித்தது அதுதான் முதல் தடவை. “நானும் ஒரு கோப்பை குடிச்சேன் தம்பி. உப்பு கூட” என்றார் நானா.

நான் தங்கியிருந்தது வெள்ளவத்தையில் ஒரு யாழ்ப்பாணத்து அன்ரி வீட்டு மாடி அறையில். எழுபது வயசிருக்கும். கிளம்புவதற்கு முதல் நாள் நான் கணக்கும் கையுமாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, “தம்பி கணக்குப் படிச்சனீங்களோ?” என்றார்.

“ஆமாம் அன்ரி. பி.காம்.”

உள்ளே போய் ஒரு ஃபைலை எடுத்துவந்தார். அவருடைய அக்காவின் மகனுடையது. 2009 மே 18, வட்டுவாகல் பாலத்தடியில் ராணுவத்திடம் சரணடைந்தவன். “பிடிச்சுக்கொண்டு போகேல்ல தம்பி. அக்காதான் கையில பிடிச்சுக் கொண்டுபோய்க் குடுத்தவ. விசாரிச்சுப்போட்டு விடுவம் எண்டு சொன்னவங்கள்.” அக்கா 2018-ல் இறந்துவிட்டார். ஃபைல் தங்கைக்கு வந்தது.

நான் எத்தனையோ ஆபீஸ் ஃபைல்கள் பார்த்திருக்கிறேன். இவ்வளவு ஒழுங்காக ஒன்றைப் பார்த்ததில்லை. தேதிவாரியாக, பஞ்ச் செய்து, டேக் போட்டு. செஞ்சிலுவைச் சங்கத்தின் சீட்டு. 2010 கமிஷனுக்குக் கொடுத்த மனுவின் நகல். அடுத்த கமிஷனின் நம்பர். மனித உரிமை ஆணைக்குழுவின் கடிதம், சிங்களத்தில். காணாமல் போனோர் அலுவலகத்தின் ரசீது. எல்லாவற்றிலும் கொடுத்தவர் கையெழுத்து இருக்கிறது, வாங்கியவர் சீல் இருக்கிறது. 2022-ல் குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் தருகிறோம் என்று அரசு அறிவித்ததைப் பற்றிய பேப்பர் கட்டிங்கும் இருந்தது. வேண்டாம் என்று தாய்மார்கள் சொல்லிவிட்டார்கள். வாங்கினால் கணக்கு முடிந்தது என்று எழுதிவிடுவார்கள் இல்லையா? கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017 பிப்ரவரியில் ரோட்டோரப் பந்தலில் உட்கார்ந்தவர்கள் அவர்கள்.

“இதில எல்லாம் சரியோ தம்பி? ஒண்டும் விடுபடேல்லையோ?”

இரண்டு தடவை புரட்டிப் பார்த்தேன். எதுவும் விடுபடவில்லை என்று சொன்னேன். ஒரே ஒரு குறை. 2009-ம் வருஷத்துச் சீட்டில் மை மங்கிக்கொண்டே வந்து, பையனின் பெயரில் பாதி எழுத்துதான் தெரிந்தது. இன்னும் இரண்டு மழைக்காலம் தாங்காது. ஜெராக்ஸ் எடுத்து வைத்துவிடுங்கள் அன்ரி என்றேன். அவருக்கு முழங்கால் வலி, படியிறங்க முடியாது.

நானே காலி வீதியில் ஒரு கடைக்குப் போனேன். இங்க்கைக் கூட்டி வைத்து எடுக்கச் சொன்னேன். பெயர் கொஞ்சம் தெளிவாகவே விழுந்தது. மூன்று காப்பி, ஒன்றுக்கு 10 ரூபாய். திரும்பி வந்து கொடுத்ததும் அன்ரி காசை எடுத்து நீட்டினார். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. என் கையைப் பிடித்து 30 ரூபாயை வைத்துவிட்டு, ஃபைலின் முதல் பக்கத்தில் பேனாவால் தேதி போட்டுக் கணக்கு எழுதினார்.